மருத்துவச்சியின் கைத்திறன்: அதனை ஆக்குவன யாவை?

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





பகவான் மகாவீரரின் பிறப்பைப் போற்றும் திருநாள் இது. தீர்த்தங்கரர்களுக்குரிய ஐந்து கல்யாணங்களுள் முதல் இரண்டும், கருவில் அவதரித்தலும் பிறத்தலும் ஆகும். இவ்விரண்டும் ஒரு தாயின் உடலோடும் உயிரோடும் பிணைந்தவை. பிறப்பைக் கொண்டாடும் நாளில், பிறப்புக்குத் துணை நிற்கும் கைகளைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமே. அக்கைகளுக்குத் தமிழ் இட்ட பெயர் மருத்துவச்சி. மருத்துவம் அறிந்த பெண் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். அப்பெண்ணின் தொழில்திறன் எத்தகையது, அது எவற்றால் உருவாகிறது, எவற்றால் தேய்கிறது என்பனவே இவ்வுரையின் பொருள்.

மேல்விஷாரமும் அதன் அண்டை ஊர்களும்

வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையே, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்தது மேல்விஷாரம். தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற நகரம். இஸ்லாமியப் பெருமக்கள் மிகுதியாக வாழும் ஊர். 1965 முதல் அப்துல் ஹக்கீம் கல்லூரி இயங்கி வரும் ஊர். ஆம்பூர், வாணியம்பாடி தொடங்கி இராணிப்பேட்டை வரை நீளும் தோல்தொழில் வட்டாரத்தில் இதுவும் ஒரு கண்ணி. இங்கிருந்து ஆற்காட்டைக் கடந்து பாலாற்றைத் தாண்டினால் இராணிப்பேட்டை. அந்த இராணிப்பேட்டையில்தான் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், அமெரிக்க மருத்துவ ஊழியர் குடும்பமொன்றில் ஐடா ஸ்கடர் பிறந்தார்.

அவர் மருத்துவரானதற்குக் காரணமான நிகழ்ச்சி, தமிழ்ச் சமணக் குடும்பங்கள் நன்கறிந்த திண்டிவனத்தில் நடந்தது. 1890களில் ஓர் இரவு, ஐடாவின் தந்தையார் பணியாற்றிய இல்லத்துக்கு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் ஓர் இந்துக் குடும்பத்தவர். மூவரின் மனைவியரும் பேற்றுவலியில் துடித்துக்கொண்டிருந்தனர். மூவரும் இளம்பெண்ணான ஐடாவை அழைத்தனர். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார் மருத்துவர், அவர் வருவார் என்று அவர் கூறியபோது, ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதை ஏற்க இயலாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

இந்நிகழ்ச்சி பலமுறை சொல்லப்பட்டதுதான். ஆயினும் அதிலுள்ள ஒரு நுட்பம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. அவ்வூரில் மருத்துவர் இருந்தார். ஏதோ ஓரளவு மருந்தும் கருவிகளும் அவரிடம் இருந்தன. வீட்டிலும் பிரசவம் பார்க்கும் கிழவியர் இருந்திருப்பர். இல்லாதது ஒன்றே: அக்குடும்பங்கள் வாசற்படிக்குள் அனுமதிக்கக்கூடியவராகவும், முறையான பயிற்சி பெற்றவராகவும் ஒருசேர விளங்கிய ஒரு பெண். நம்பிக்கை ஒரு பக்கமும் பயிற்சி மறுபக்கமுமாகப் பிரிந்து கிடந்தன. அந்தப் பிளவில் மூன்று உயிர்கள் போயின.

ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பெற்றன. 1946இல் செவிலியத்தில் பட்டப்படிப்பு வந்தது. தாம் ஒருவரே எல்லா வீடுகளுக்கும் செல்ல முடியாது, செல்லத்தக்க பெண்களை நூற்றுக்கணக்கில் உருவாக்க வேண்டும் என்று அவர் கண்டதே அவருடைய பணியின் சாரம்.

பழைய மருத்துவச்சி: அறிந்ததும் அறியாததும்

முறையான பயிற்சி வருவதற்கு முன்பும் தமிழகத்தில் குழந்தைகள் பிறந்தன. பல ஊர்களில் முடிதிருத்தும் தொழில்செய்த மருத்துவர் குலப் பெண்களே பிரசவம் பார்த்தனர். மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், தாயிடமிருந்து மகளுக்கும் அத்தொழில் கைமாறியது. நெல்லும் புடவையும் வெற்றிலைபாக்குமே பெரும்பாலும் கூலி. உயிரைக் கையில் ஏந்தித் தந்தவரையே தீட்டு என்று சொல்லித் திண்ணைக்கு வெளியே நிறுத்திய வீடுகளும் இருந்தன. சமயங்கள் பலவாக இருந்தும் இவ்வழக்கத்திற்கு விலக்காக இருந்த சமூகங்கள் மிகக் குறைவு.

அப்பெண்களின் அறிவை இகழ்வது தவறு. கருவுற்றவளை நடக்கச் செய்வது, குந்தியிருந்து பெறச் செய்வது, வலி வந்ததும் பதறாமல் முதுகை நீவிக்கொண்டு அருகில் அமர்ந்திருப்பது ஆகியவற்றை அவர்கள் அறிந்திருந்தனர். நிமிர்ந்தும் அசைந்தும் இருப்பதற்குத் தாய்க்கு இடமளிக்க வேண்டும் என்று இன்றைய மருத்துவ நெறிமுறைகளும் பரிந்துரைக்கின்றன. அவர்கள் அறியாதது கண்ணுக்குத் தெரியாத கிருமியை. கழுவாத கையும், துருப்பிடித்த அரிவாளும், தொப்புளில் இடப்பட்ட சாணமும் சாம்பலும் எத்தனையோ தாய்மாரையும் சேய்களையும் கொண்டுபோயின.

இது கிராமத்துக் கிழவியரின் அறியாமை மட்டுமன்று. ஐரோப்பாவின் புகழ்பெற்ற வியன்னா நகர மருத்துவமனையிலும் இதே கதைதான். அங்கு இரு பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் மாணவர்கள் பிரிவில் 100 தாய்மார்களில் 11 பேருக்கு மேல் இறந்தனர். மருத்துவச்சிகள் பிரிவில் இறந்தோர் 3 பேருக்கும் குறைவு. பிணஅறுவைக் கூடத்திலிருந்து நேரே வந்து தாய்மாரைத் தொட்ட மாணவர்களின் கைகளே காரணம் என்று செம்மல்வெய்ஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். 1847இல் சுண்ணாம்புக் குளோரைடு நீரில் கைகழுவுவதைக் கட்டாயமாக்கினார். அடுத்த ஆண்டே அப்பிரிவின் இறப்பு 100க்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கியது. மருத்துவச்சியின் முதல் திறன் கைகழுவுதல் என்பதை உலகம் இவ்வாறுதான் கற்றது.

பின்னாளில் இந்திய அரசு ஊர் மருத்துவச்சிகளுக்கு அளித்த பயிற்சியின் அடிப்படை ஐந்து தூய்மைகளாக அமைந்தது: தூய கை, தூய இடம், தூய பிளேடு, தூய கட்டுநூல், மருந்தென்று எதையும் பூசாத தூய தொப்புள். இத்தகைய எளிய பாடங்களும் தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் சேர்ந்தே, பிறந்த குழந்தையைக் கொல்லும் இரணஜன்னியை நாட்டைவிட்டு ஏறத்தாழ அகற்றின. தாய்க்கும் சேய்க்கும் வரும் அந்நோய் இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து நீக்கப்பட்டதென 2015இல் அறிவிக்கப்பட்டது.

தொழில்திறன் என்பது யாது?

மருத்துவச்சியின் திறனை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, அறியும் திறன். வயிற்றின்மீது இரு கைகளையும் வைத்துத் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம், குழந்தை குறுக்கே கிடக்கிறதா என்று உணர்வது. கீழிமையைத் தாழ்த்திப் பார்த்து இரத்தச்சோகையை ஐயுறுவது. கால்வீக்கத்தையும் தலைவலியையும் சேர்த்து எண்ணி, இரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டுவிட்டதா என்று அளப்பது. கருவின் இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். வலி அடங்கியவுடன் அது தாழ்ந்து, மீளத் தாமதிக்கிறதா என்று செவிசாய்ப்பது. கருவியும் காகிதமும் உதவும். ஆனால் எங்கே கைவைக்க வேண்டும், எப்போது செவிசாய்க்க வேண்டும் என்பதைக் கருவி சொல்லித் தராது.

இரண்டாவது, காத்திருக்கும் திறன். இது செயலற்றிருப்பதன்று. கருப்பைவாய் 10 செ.மீ. விரியும்வரை மணிக்கணக்கில் அருகிருந்து, ஒவ்வோர் அரைமணிக்கும் துடிப்பைக் கேட்டு, நாடியையும் வலியின் இடைவெளியையும் குறித்து, நீர் அருந்தச் செய்து, அச்சத்தை ஆற்றுவது. முதல் குழந்தைக்குப் பன்னிரண்டு மணிநேரமோ அதற்கு மேலோ ஆகலாம். தேவையின்றி ஊசியிட்டு வலியைக் கூட்டுவதும், தேவையின்றி வெட்டுவதும், வயிற்றை அழுத்தித் தள்ளுவதும் இம்சையே. துன்புறுத்தாமை என்னும் அறம் பேற்றறையில் இவ்வாறு தொழில் விதியாகிறது.

மூன்றாவது, விரையும் திறன். காத்திருந்த அதே பெண், கணப்பொழுதில் விரைய வேண்டிய தருணங்களும் உண்டு. பிறந்த குழந்தை அழவில்லையெனில் அதனைத் துடைத்து உலர்த்தி, வெப்பங்காத்து, முதல் நிமிடத்திற்குள் மூச்சளிக்கத் தொடங்க வேண்டும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள் தாய்க்கு 10 அலகு ஆக்சிடோசின் ஊசி போடப்பட வேண்டும். பிறகு கருப்பை கல்போல் இறுகுகிறதா என்று தொட்டறிய வேண்டும். பேற்றுக்குப் பின் உதிரம் 500 மி.லி.க்கு மேல் போனால் அது எச்சரிக்கை. கண்ணால் மதிப்பிட்ட அளவு பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆப்பிரிக்க நாடுகள் நான்கில் உள்ள 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனை நன்கு காட்டியது. அளவுக்கோடிட்ட பையில் உதிரத்தை அளந்து, எல்லை தாண்டியவுடன் கருப்பையைத் தடவுதல், மருந்து, நரம்புவழி நீர், பரிசோதனை ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரச் செய்த இடங்களில், கடுமையான உதிரப்போக்கும் அதனால் நேரும் பெருந்தீங்குகளும் 60 விழுக்காடு குறைந்தன. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்ததை உரிய நேரத்தில் செய்ததே பயன்.

நான்காவது, தன் எல்லையை அறியும் திறன். இது தன் கையால் ஆகாது, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தக்க நேரத்தில் முடிவெடுப்பது. இதற்கென்றே எழுந்தது பேற்று வரைபடம். இன்றைய ஜிம்பாப்வே நாட்டில், மருத்துவர் இல்லாத தொலைவிடங்களில் தனித்துப் பணியாற்றிய மருத்துவச்சிகளுக்காக, பில்பாட், காசில் என்னும் இரு மருத்துவர்கள் 1972இல் அதனைச் செம்மைப்படுத்தினர். கருப்பைவாய் விரியும் வேகத்தைக் கட்டமிட்ட தாளில் புள்ளியிட்டு வந்தால், எச்சரிக்கைக் கோட்டைக் கடக்கும்போதே வண்டிக்குச் சொல்லிவிடலாம். அனுபவசாலியின் உள்ளுணர்வை, அனுபவம் குறைந்தவரும் கையாளத்தக்க கோடாக மாற்றிய எளிய கருவி அது. அதன்பின் அது பலமுறை திருத்தம் பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் புதிய வடிவமொன்றையும் வெளியிட்டது.

திறனை ஆக்கும் நான்கு தூண்கள்

மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைத் திருக்குறள் வகுக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். ஒருவருடைய கைத்திறனைத் தனித்துப் பார்க்காமல் நான்கையும் சேர்த்துக் காணும் அப்பார்வை மருத்துவச்சியின் தொழிலுக்கும் பொருந்தும். அவள் திறன் அவள் கையில் மட்டும் இல்லை. அதனைத் தாங்கும் தூண்களும் உண்டு.

முதல் தூண், கல்வியும் பழக்கமும். சென்னையில் 1844இல் மகப்பேறு மருத்துவமனை தோன்றியது. 1854இல் அங்கு மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு ஒப்புதல் அளித்தது. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிறீன் ஒருபடி மேலே சென்றார். மானிப்பாயில் இருந்துகொண்டு, மருத்துவத்தைத் தமிழ்மொழியிலேயே கற்பித்த அவர், பிரசவ வைத்தியம் பற்றிய ஆங்கில நூலொன்றையும் 1850களில் தமிழாக்கி வெளியிட்டார். தாய் சொல்லும் மொழியிலேயே பயிற்சியும் அமையும்போதுதான் நுட்பங்கள் மனத்தில் தங்கும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். மேல்விஷாரம் வட்டாரத்தில் தமிழும் உருதும் வழங்கும் வீடுகள் உள்ளன. வலியை அவர்கள் சொல்லும் சொற்களைப் புரிந்துகொள்ளும் செவிலியர், பாதி நோயறிதலை முடித்துவிட்டவர் ஆவார்.

நூலறிவோடு கைப்பழக்கமும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மருத்துவச்சி தகுதிபெற, தம் கையால் குறைந்தது 40 பேறுகளை நடத்தியிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. நீந்தக் கற்றவர் ஆற்றில் இறங்காமல் இருந்தால் நீச்சல் மறப்பதில்லை என்பர். பேற்றுக்கலை அவ்வாறன்று. பல மாதங்கள் விட்டிருந்தால் கை தயங்கும். அரிதாக வரும் ஆபத்துக்கு உரிய செயல்முறை மறந்துபோகும். ஆகவே பொம்மையை வைத்து அடிக்கடி சிறுசிறு ஒத்திகை நடத்துவது இன்றைய பயிற்சியின் இன்றியமையாத பகுதி.

இரண்டாம் தூண், சட்டம் தரும் உரிமை. சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926இல் வந்தது. பயிற்சி பெற்றவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, தொழிலுக்கு ஒரு தகுதியை அது வகுத்தது. ஆயினும் நெடுங்காலம், உதிரப்போக்கை நிறுத்தும் ஊசியும் வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்பேட்டும் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாதவையாக இருந்தன. மருந்து அலமாரியில், தாய் மேசைமீது, மருத்துவர் எங்கோ தொலைவில். 2000களில் இந்திய அரசின் நெறிமுறைகள், பயிற்சிபெற்ற துணைச் செவிலியரே அவசரத்தில் முதல் மருந்தை அளிக்கலாம் என்று இடமளித்தன. அறிந்திருந்தும் செய்ய அனுமதியில்லாத திறன் ஒருவருக்கும் பயன்படாது.

மூன்றாம் தூண், பின்னின்று தாங்கும் அமைப்பு. இதில்தான் தமிழகம் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாயிற்று. ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையமும் அதில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரும் அமர்த்தப்பட்டனர். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைவைத்துப் பணியாற்ற, இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு 2000களில் மாநிலமெங்கும் பரவியது. 2008 செப்டம்பரில் 108 வண்டிகள் ஓடத் தொடங்கின. ஒவ்வொரு தாயின் மரணமும் உடனுக்குடன் தெரிவிக்கப்பட்டு, எந்த வீட்டில், எந்தச் சாலையில், எந்த மேசையில் காலம் கழிந்தது என்று ஆராயும் வழக்கமும் 1990களிலிருந்து வேரூன்றியது. நள்ளிரவில் தனித்திருக்கும் ஒரு செவிலியர், அழைத்தால் வண்டி வரும், அனுப்பினால் அங்கே ஏற்பார்கள் என்று நம்பினால்தான் உரிய நேரத்தில் முடிவெடுப்பார். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் சிறந்த கையும் காலந்தாழ்த்தும்.

நான்காம் தூண், மதிப்பு. தாயின் உறவினரும் மேலதிகாரியும் ஊராரும் அவரை எவ்வாறு நடத்துகின்றனர் என்பது. குழந்தை நலமாகப் பிறந்தால் இறைவன் அருள், தீங்கு நேர்ந்தால் செவிலியின் குற்றம் என்று கருதும் ஊரில் எவரும் துணிந்து முடிவெடுக்கமாட்டார். பேறு நடக்கும்போது உறவுப்பெண் ஒருவர் தாயின் அருகே இருக்கலாம் என்று தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004இல் ஏற்பாடு செய்யப்பட்டது. குறள் கூறிய நான்காம் கூறு இதுவே. துணை வந்தவர் செவிலியருக்கு மறுதலைக்காரர் அல்லர், மூன்றாவது கை.

ஊரும் தொழிலும் தரும் பாடம்

ஊர்தோறும் மருத்துவச்சியின் கண் வேறுவிதமாகப் பழகுகிறது. மலையூரில் தொலைவை எண்ண வேண்டும். கடற்கரையில் புயலை எண்ண வேண்டும். தோல்தொழில் வட்டாரத்திலோ, காலணித் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் பகல் முழுதும் அமர்ந்திருக்கும் பெண்களை எண்ண வேண்டும். பசிக்கும் வேளையில் உண்ணாமலும், நீரை மிகுதியாக அருந்தாமலும், சிறுநீரை அடக்கியும் வேலைசெய்யும் பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்றும் இரத்தச்சோகையும் எளிதில் வரும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகக் கர்ப்பிணிப் பெண்களில் 48.3 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர்கள். இரத்தம் நிறைந்த உடல் தாங்கும் இழப்பை, இரத்தமற்ற உடல் தாங்காது. ஆகவே பேற்றறையில் நிகழும் மீட்பின் பாதி, ஆறு மாதங்களுக்கு முன்பே இரும்புச்சத்து மாத்திரையிலும் கீரையிலும் தொடங்கிவிடுகிறது. பணிபுரியும் பெண்ணுக்கு முதல் இரு பேறுகளுக்கும் 26 வார ஊதிய விடுப்பு உண்டு என்பது 2017 முதல் சட்டம். அதனை அப்பெண்ணுக்கு எடுத்துச் சொல்வதும் இவ்வட்டாரச் செவிலியரின் தொழில்திறனில் அடங்கும்.

பாலாற்று நீர் தோல் கழிவால் கெட்ட வரலாற்றையும் இங்குள்ள யாவரும் அறிவர். கைகழுவ நல்ல நீர் என்பது மருத்துவச்சியின் முதல் கருவி. அக்கருவியைக் காப்பது மருத்துவமனையின் கடமை மட்டுமன்று, ஊரின் கடமையும் ஆகும்.

கண்ட பயனும் இன்றைய கவலையும்

இத்தூண்கள் யாவும் சேர்ந்து தந்த பயன் கண்கூடு. 2001-03இல் தமிழகத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018-20இல் அவ்வெண்ணிக்கை 54. அதே காலத்தில் இந்தியா முழுமைக்குமான எண் 301இலிருந்து 97 ஆயிற்று. இலங்கை இன்னும் முன்னதாகவே வழிகாட்டியது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடுதேடிச் செல்லும் பயிற்சிபெற்ற குடும்பநல மருத்துவச்சிகளும் அத்தீவின் நிலையை மாற்றினர். 1930களில் லட்சத்துக்கு 2,000க்கும் மேலாக இருந்த தாய் இறப்பு இன்று 50க்கும் கீழ். செல்வம் வருவதற்கு முன்பே மருத்துவச்சி வந்ததால் அங்கு நேர்ந்த மாற்றம் அது.

எனினும் வெற்றியின் உள்ளேயே ஒரு கவலை முளைத்திருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் அதே கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 99.6 விழுக்காடு பேறுகள் மருத்துவமனைகளில் நடந்தன. அவற்றுள் 44.9 விழுக்காடு அறுவைப் பேறுகள். நாட்டின் சராசரி 21.5. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 விழுக்காடு. அறுவை தேவைப்படும் தாய்க்கு அது உயிர்வரம், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மக்கள்தொகையில் அறுவைப் பேறுகள் 10 விழுக்காட்டைத் தாண்டியபின், அவை மேலும் கூடுவதால் தாய்சேய் இறப்பு குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் தெரிவித்தது. தேவையற்ற அறுவை அடுத்த கருப்பத்திற்கும் ஆபத்தைச் சேர்த்து வைக்கிறது.

இதன் மறுபக்கம் மருத்துவச்சியின் கை. கிராம சுகாதாரச் செவிலியர் ஒருகாலத்தில் வீடுதேடிச் சென்று பேறு பார்த்தவர். இன்று அவருடைய பகற்பொழுதில் பெரும்பகுதி பதிவேட்டிலும் கணினியிலும் கழிகிறது. பேறுகளெல்லாம் மேலிடத்துக்குச் சென்றுவிட்டன. அங்கும் இயல்பான பேறுகள் குறைந்துகொண்டே வந்தால், அடுத்த தலைமுறைச் செவிலியர் காத்திருக்கும் திறனை யாரிடம் கற்பார்? தலைக்கு மாறாகக் கால்முன்னே வரும் குழந்தையைக் கையால் வாங்கத் தெரிந்தவர்கள் இன்று எத்தனை பேர்? ஒரு தலைமுறை பழகாவிட்டால் மறு தலைமுறைக்குக் கற்பிக்க ஆள் இருக்காது.

இதனையுணர்ந்தே இந்திய அரசு 2018இல் பேறுகாலப் பணிக்கான புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. செவிலியராக ஏற்கெனவே தகுதிபெற்றவர் மேலும் 18 மாதம் பயின்று, இயல்பான பேறுகளைத் தம் பொறுப்பில் நடத்தும் மருத்துவச்சியாக உயரலாம். மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவச்சியர் நடத்தும் தனிப்பிரிவும், தேவையெனில் அடுத்த அறையிலேயே மருத்துவரும் இருப்பர். திண்டிவனத்து இரவில் பிரிந்து கிடந்த நம்பிக்கையும் பயிற்சியும் ஒரே பெண்ணிடம் சேர வேண்டும் என்னும் பழைய விருப்பம் இவ்வழியே மீண்டும் உயிர்பெறுகிறது.

குடும்பங்களின் பங்கு

பெரியோர்களே! இவையெல்லாம் அரசும் மருத்துவமனையும் செய்ய வேண்டியவை என்று ஒதுங்குவதற்கில்லை. குடும்பங்கள் செய்யத்தக்கவை பல.

வீட்டில் ஒரு பெண் கருவுற்றால் 12 வாரங்களுக்குள் செவிலியரிடம் பதிவுசெய்யுங்கள். இரும்புச்சத்து மாத்திரை வாங்கப்பட்டதா என்பதோடு உண்ணப்பட்டதா என்றும் பாருங்கள். சைவ உணவே உண்ணும் குடும்பங்களில் இது கூடுதல் கவனத்துக்குரியது. இரவில் உண்ணா நெறியுடைய வீடுகளில், கருவுற்றவர் பகற்பொழுதிலேயே போதிய அளவு உண்பதற்கு ஏற்பாடு செய்யுங்கள். கடும் நோன்புகளை அக்காலத்தில் ஒத்திவைப்பது தாயிடமும் கருவிடமும் காட்டும் கருணையே.

பேற்றறைக்குத் துணையாகச் செல்பவர் யார் என்பதை முன்னரே முடிவு செய்யுங்கள். அறுவை என்று சொல்லப்பட்டால், காரணம் என்ன, காத்திருந்தால் என்ன நேரும் என்று பணிவோடு கேளுங்கள். அவசரம் என்றால் ஒரு கணமும் தயங்காதீர்கள். நல்ல நாள், நல்ல நட்சத்திரம் பார்த்து அறுவைக்கு நேரம் குறிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பிறப்பின் வேளையை வினையே வகுக்கும் என்று நம்பும் சமயத்தினர், அதனைக் கத்தியால் வகுக்க முயல்வது பொருந்தாது.

பிரசவம் பார்த்த செவிலியரின் பெயரைக் கேட்டறியுங்கள். குழந்தையின் பெயர்சூட்டு நாளில் அவரை அழைத்து, வாசலில் நிறுத்தாமல் உள்ளே அமரச்செய்து உபசரியுங்கள். பழைய தீட்டுக் கணக்கு அங்கேயே தீரட்டும். வீட்டுப் பெண்களுள் ஒருத்தி செவிலியத் தொழிலை நாடினால் தடுக்காதீர்கள். ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களையும் முன்னோர் வகுத்தனர். ஏழை மாணவி ஒருத்தியின் செவிலியக் கல்விக்கு உதவுவது ஞான தானம்; அவள் பின்னாளில் ஒரு தாயைக் காக்கும்போது அதுவே ஔஷத தானமாகவும் அபய தானமாகவும் வளர்கிறது. அறக்கட்டளைகள் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

மேல்விஷாரத்தில் இன்றிரவும் ஏதேனும் ஒரு வீட்டில் வலி தொடங்கும். அவ்வீடு எச்சமயத்தைச் சார்ந்ததாயினும், அங்கிருந்து புறப்படும் தாய் செல்லுமிடத்தில், கழுவிய கையோடும் பதறாத மனத்தோடும் ஒரு பெண் விழித்திருக்க வேண்டும். அவள் அவ்வாறு விழித்திருப்பதற்கு அவளுடைய பயிற்சியும் சட்டமும் அமைப்பும் ஊராரின் மதிப்பும் துணை நிற்க வேண்டும்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! தாய்மை வெல்க! அறம் வளர்க!